அட்டவணையில் இல்லாத கட்டங்கள்

இலக்கியம் பேசுகிற இடத்தில் செல்பேசி மின்னஞ்சலுக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் இருப்பார்கள். எங்களில் மூவர் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகங்களில் மெர்ச்சன்டைசராகக் காலம் தள்ளியவர்கள். ஒருவர் இன்னமும் தள்ளிக்கொண்டிருக்கிறார். வாசிப்பதற்கென்று எடுத்துவைத்த நாவல்கள் பாதியில் மூடப்பட்டதற்கு எங்கள் சோம்பல் மட்டும் காரணமல்ல என்பதைச் சொல்லும் உரிமை எங்களுக்கு உண்டு. சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’யை வாசித்தவர்களுக்கு இந்த ஊரின் சாயத்தண்ணீர் தெரிந்திருக்கும். நாங்கள் பேச வந்திருப்பது இந்த ஊரின் இரவைப் பற்றி.

சென்ற மாதம் நண்பர் ஒருவர் வீடு மாற்றும்போது பழைய கோப்பு ஒன்று கிடைத்தது. 2007, 2008 வாக்கில் வணிக இதழ்களிலிருந்து கத்தரித்து வைத்த பக்கங்கள். தொழிலுக்கு ஏற்ற ‘புஷ் மெயில்’ எது என்ற ஒப்பீட்டு அட்டவணைகள் அதில் நான்கைந்து இருந்தன. கடிதம் வந்ததும் நாம் தேடிப் போகாமலேயே செல்பேசிக்குள் வந்து விழச் செய்யும் ஏற்பாட்டுக்குத்தான் அன்று அந்தப் பெயர். இடப்பக்கம் பிளாக்பெர்ரி, விண்டோஸ் மொபைல், நோக்கியா என்று வரிசை. மேலே வேகம், பாதுகாப்பு, பேட்டரி, இணைப்புக் கோப்பு, மாதக் கட்டணம். கட்டத்துக்குக் கட்டம் சரிக்குறி. ஓரத்தில் நண்பரின் முதலாளி பென்சிலால் சுழித்திருந்தார். சுழித்த இடம் வேகம்.

நல்லூர் அப்போது தனி நகராட்சி. 2011இல்தான் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. காங்கேயம் சாலையை ஒட்டிய தெருக்களில் முன்னறையில் அலுவலகமும் பின்னால் பவர் டேபிளும் ஓவர்லாக்குமாக இயங்கிய கம்பெனிகளுக்கு வேகம் என்ற சொல் எவ்வளவு கவர்ச்சியானது என்பதை நாங்கள் அறிவோம். பையர் அனுப்பும் மாற்றம் ஒரு மணி நேரம் முன்னால் தெரிந்தால் ஒரு நாள் மிச்சம் என்ற கணக்கு. கணக்கு தவறில்லை. ஆனால் அந்த அட்டவணைகள் எல்லாமே ஒரு திசையை மட்டுமே அளந்தன என்பதும், அந்தக் கோணல் இன்றுவரை நேராகவில்லை என்பதும்தான் எங்கள் குற்றச்சாட்டு.

முதலில் அன்று விற்கப்பட்ட பொருள்கள் என்னவென்று பார்ப்போம். ‘புஷ்’ என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு ஏற்பாடுகள் ஒளிந்திருந்தன.

கனடாவின் ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம் 1999இல் பேஜர் வடிவில் தொடங்கியது பிளாக்பெர்ரி. இந்தியாவுக்கு ஏர்டெல் வழியாக 2004இல் வந்தது. பெரிய நிறுவனங்கள் தம் அலுவலகத்திலேயே பிளாக்பெர்ரி சர்வர் ஒன்றை நிறுவிக்கொள்ளும். கடிதம் அங்கே பூட்டப்பட்டு, கனடா நிறுவனத்தின் சொந்த மையங்கள் வழியாகச் சென்று, கருவியில் திறக்கும். சாவி வாடிக்கையாளரிடம். மைக்ரோசாப்ட் 2005இல் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் சேர்த்த ‘டைரக்ட் புஷ்’ வேறு வகை: செல்பேசி சர்வரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கும், கடிதம் வந்தால் சர்வர் பதில் சொல்லும், வராமல் நேரம் கடந்தால் செல்பேசி மறுபடியும் கேட்கும். இடையில் தரகர் இல்லை. 2008 ஜூலையில் ஐபோனும் இதே வழியைப் பின்பற்றியது. நோக்கியா 2006இல் இன்டெலிசிங்க் நிறுவனத்தை வாங்கிப் போட்டியில் இறங்கி, 2008 செப்டம்பரில் சொந்தத் தளத்தைக் கைவிடுவதாக அறிவித்து ஒதுங்கியது. அட்டவணையில் அதற்கும் அத்தனை சரிக்குறிகள் இருந்தன என்பதை நண்பர் சிரித்துக்கொண்டே காட்டினார்.

நல்லூர் போன்ற இடங்களில் நடந்தது என்ன? சொந்த எக்ஸ்சேஞ்ச் சர்வர் வைக்கும் அளவு பெரிய கம்பெனிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றவர்கள் செல்பேசிக் கம்பெனியின் மாதத் திட்டத்தில் கிடைத்த பிளாக்பெர்ரி இன்டர்நெட் சேவையை வாங்கினார்கள். அது பெரிய நிறுவனத்தின் சர்வர் ஏற்பாடு அன்று. நம்முடைய சாதாரண அஞ்சல் பெட்டியைப் பிளாக்பெர்ரியின் மையம் அவ்வப்போது போய்த் திறந்துபார்க்கும். பல பெட்டிகளுக்கு இது ஏறக்குறைய 15 நிமிடத்துக்கு ஒருமுறை. கிடைத்ததை எடுத்துச் செல்பேசிக்குத் தள்ளும். ஆக, தள்ளுவது என்று விற்கப்பட்டதில் பாதி, இழுப்பது. பையரின் கையில் இருந்ததும் அதே கருவி, அதே கறுப்பு நிறம். பின்னாலிருந்த ஏற்பாடு வேறு. முதலாளிக்கு இது சொல்லப்படவில்லை. பென்சிலால் சுழித்த வேகம் அவர் காசு கொடுத்த பெட்டிக்குள் பெரும்பாலும் இல்லவே இல்லை.

பாதுகாப்பின் கதையும் இதுவே. 2010இல் இந்திய அரசு பிளாக்பெர்ரிக்கு ஆகஸ்ட் 31 என்று கெடு வைத்தது; செய்திகளைப் பார்க்க வழி செய்யாவிட்டால் சேவை நிறுத்தப்படும் என்றது. பெருநிறுவன சேவைக்கான சாவி தன்னிடமே இல்லை, அது வாடிக்கையாளரிடம் இருக்கிறது என்று அந்நிறுவனம் சொன்னது. கெடு தள்ளிப்போனது, பேச்சு நீண்டது. அந்த மாதங்களில் திருப்பூர் அலுவலகங்களில் ‘அரசாங்கமே உடைக்க முடியாத பூட்டு நம்ம கையிலே’ என்ற பெருமிதத்தை நாங்களே கேட்டிருக்கிறோம். அந்தப் பேச்சு முழுக்கப் பெருநிறுவனப் பூட்டைப் பற்றியது. மாதத் திட்டத்தில் வாங்கிய சேவைக்கு அந்தப் பூட்டு கிடையாது. பிறர் வீட்டுச் சண்டையில் நம் வீட்டுக் கதவு பத்திரமென்று நம்பிய கதை.

நியாயத்துக்குக் கட்டுப்பட்டுச் சொல்ல வேண்டிய நன்மையும் உண்டு. 2008இலிருந்து 2012 வரை தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டுக் காலத்தை மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள். கணினி அணையும், மோடம் அணையும், ஜெனரேட்டர் தையலுக்கே போதாது. அந்நேரம் அலுவலகத்தில் உயிரோடு இருந்த ஒரே கருவி மெர்ச்சன்டைசரின் செல்பேசி. லேப் டிப் ஒப்புதல் வந்ததா, சாயப்பட்டறைக்குச் சொல்லலாமா என்பதை அந்தச் சின்னத் திரைதான் சொல்லிற்று. (நிறத்தை அந்தத் திரையில் பார்த்து முடிவெடுத்தவர்களும் இருந்தார்கள். லைட் பாக்ஸில் வைத்துப் பார்க்க வேண்டிய துணியைச் செல்பேசிப் படத்தில் பார்த்து ‘ஓகே’ சொன்னவர்கள் பட்ட பாட்டைத் தனியாகவே எழுதலாம்.) 2011 அக்டோபர் 10ஆம் தேதி இங்கிலாந்தில் பிளாக்பெர்ரியின் மையத்தில் ஒரு கருவி பழுதாகி, மாற்றுக் கருவியும் கைகொடுக்காமல், ஐரோப்பா தொடங்கி இந்தியா வரை சேவை மூன்று நாட்களுக்கு மேல் தடுமாறியது. அந்த நாட்களில்தான் இங்கே பலருக்கும் தங்கள் கடிதங்கள் எந்த ஊர் வழியாகப் போய்வருகின்றன என்பதே தெரியவந்தது.

இனி, அட்டவணையில் இல்லாத கட்டங்களுக்கு வருவோம். முதலாவது: நிறுத்த முடியுமா?

ஹாம்பர்கில் மாலை ஐந்து மணி என்றால் குளிர்காலத்தில் நல்லூரில் இரவு ஒன்பதரை. நியூயார்க்கில் காலை ஒன்பது என்றால் இங்கே இரவு ஏழரை. ஐரோப்பியர் வீட்டுக்குக் கிளம்புமுன் மேசையைத் துடைத்து அனுப்பும் கடிதங்களும், அமெரிக்கர் நாளைத் தொடங்கும் கடிதங்களும் நம் ஒன்றரை ஷிப்ட் முடிந்து டெய்லர்கள் சைக்கிளை எடுக்கும் நேரத்தில் ஒன்றாக வந்து சேரும். பழைய ஏற்பாட்டில் அவை அலுவலகக் கணினியில் காலைவரை காத்திருந்தன. புஷ் மெயில் வந்தபின் தலையணைக்கு அருகே வந்து துடித்தன. கருவியை வாங்கித் தந்தது முதலாளி. கட்டணம் கட்டியதும் அவர்தான். ஆகவே பதில் சொல்லாமலிருக்கும் உரிமை மெர்ச்சன்டைசருக்கு இல்லை என்பது எழுதப்படாத விதியாயிற்று. கூடுதல் நேரத்துக்கு டெய்லருக்காவது அரை ஷிப்ட் கணக்கு உண்டு. இரவு பதினொன்றுக்கு எழுதும் பதிலுக்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி இல்லை.

இது தொழில்நுட்பத்தின் இயல்பு, தவிர்க்க முடியாதது என்று வாதிடுவோருக்கு ஒரு செய்தி. 2011 டிசம்பரில் ஜெர்மனியிலிருந்து ஒரு தகவல் உலகெங்கும் பேசப்பட்டது. வோக்ஸ்வாகன் நிறுவனம் தன் தொழிலாளர் குழுவோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, பணிநேரம் முடிந்து அரை மணியில் பிளாக்பெர்ரி சர்வர் ஊழியர்களுக்குக் கடிதம் அனுப்புவதை நிறுத்தும். மறுநாள் பணி தொடங்க அரை மணி இருக்கும்போது திரும்பத் தொடங்கும். அதே பிளாக்பெர்ரி! நிறுத்துவதற்கான குழாய் சர்வரிலேயே இருந்தது, திருப்ப ஆள் வேண்டியிருந்தது. பிரான்சில் 2017 ஜனவரி முதல், ஐம்பதுக்கும் குறையாத ஊழியர் கொண்ட நிறுவனங்கள் ‘தொடர்பைத் துண்டிக்கும் உரிமை’ பற்றி ஊழியரோடு பேசியாக வேண்டும் என்பது சட்டம். நம் மக்களவையில் 2018இல் சுப்ரியா சூலே இதே பெயரில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், மசோதாவாகவே நின்றது. ஆக, அனுப்புகிறவருக்கு இரவு உண்டு, பெறுகிறவருக்கு இல்லை. இந்தக் கட்டத்தை ஒப்பீட்டில் சேர்த்திருந்தால் எந்தத் தளம் எத்தனை மதிப்பெண் பெறும் என்று கேட்கவாவது தோன்றியிருக்கும்.

இரண்டாவது கட்டம்: எழுத்து யாருடையது?

எங்களில் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். கம்பெனியின் பெயர் வேண்டாம். இரவு 11.40க்கு அமெரிக்கப் பையரிடமிருந்து ஒரு வரி: அடர்நீல நிறத்தை மட்டும் நிறுத்தி வையுங்கள். அங்கே மதிய உணவு முடிந்த நேரம். நம்மவர் காய்ச்சலில் மாத்திரை போட்டுப் படுத்திருந்தார். காலை எட்டரைக்குக் கட்டிங் மாஸ்டர் அந்த நிறத்தைத்தான் முதலில் விரித்தார். ஒன்பதே காலுக்குக் கடிதம் கண்ணில் பட்டபோது முதல் அடுக்கு வெட்டியாகிவிட்டது. ‘நேற்றே சொல்லிவிட்டோம்’ என்றது பையர் தரப்பு. ‘புஷ் மெயில் எதுக்கு வாங்கிக் கொடுத்தேன்?’ என்றார் முதலாளி. வெட்டிய துணியின் பெறுமானத்தில் ஒரு பங்கு மூன்று மாதச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது.

கடிதம் எப்போது ‘வந்தது’? இதற்குச் சட்டத்தில் விடை உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, பிரிவு 13: இருதரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை, பெறுபவர் ஒரு கணினி முகவரியை இதுதான் என்று குறித்துக் கொடுத்திருந்தால், செய்தி அதற்குள் நுழைந்த கணமே பெறப்பட்டதாகும். படித்தாரா, தூங்கினாரா என்பது கேள்வியில்லை. குறித்துக் கொடுத்ததை விட்டுப் பெறுபவரின் வேறொரு முகவரிக்கு அனுப்பினால், அவர் அதை எடுத்துப் பார்த்த கணம்தான் பெற்ற கணம். முகவரி எதையும் குறிக்காதவருக்கோ, அவருடைய எந்தக் கணினிக்குள் நுழைந்தாலும் நுழைந்த நேரமே வந்த நேரம். இந்தப் பிரிவிலேயே, குறிக்கும் முகவரியோடு ‘நேரமும்’ குறித்துக் கொடுக்கலாம் என்பதற்கு இடம் தரும் சொற்கள் இருக்கின்றன. ஒப்பந்தம் வேறு நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டதென்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் வழக்கு வேறு மாதிரி போகும் என்பது உண்மைதான். ஆனால் நாங்கள் பார்த்த ஆர்டர் ஒப்புதல் கடிதங்களில் விலை உண்டு, அளவு உண்டு, கப்பல் தேதி உண்டு. எந்த முகவரிக்கு, எந்த நேரத்துக்குள் வந்தால் வந்ததாகக் கொள்வோம் என்ற ஒரு வரி இருந்ததில்லை. கருவியை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வாரம் செலவிட்டவர்கள் இந்த ஒரு வரிக்கு ஐந்து நிமிடம் தரவில்லை.

எழுத்தைப் பற்றிய இன்னொரு கசப்பும் இருக்கிறது. பையரின் கடிதம் ஆங்கிலத்தில் வரும். மெர்ச்சன்டைசர் அதைப் படித்து, கழுத்து ரிப்பின் அகலத்தையும் துணியின் ஜி.எஸ்.எம்.மையும் உற்பத்தி மேலாளருக்கும் கட்டிங் மாஸ்டருக்கும் வாய்மொழியாகத் தமிழில் சொல்வார். அன்றைய பிளாக்பெர்ரியில் தமிழ் வெறும் கட்டங்களாகத்தான் தெரியும். இதுவும் அட்டவணை கண்டுகொள்ளாத ஒன்று. இத்தனைக்கும் முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ 2005லேயே செல்பேசியில் தமிழைக் கொண்டுவந்துவிட்டது. ஐபோனில் தமிழ் விசைப்பலகை சேர்ந்தது 2013இல். இடைப்பட்ட ஆண்டுகளில் வணிகத் தளங்களின் பார்வையில் நல்லூரின் மொழி என்று ஒன்று இல்லை. விளைவு, ஆங்கிலத்தில் வந்ததற்குச் சான்று இருந்தது. தமிழில் சொன்னதற்குச் சான்று இல்லை. தவறு நேர்ந்தபோதெல்லாம் சங்கிலி மெர்ச்சன்டைசரிடம் வந்து அறுந்தது. ‘எங்கிட்ட சொல்லவே இல்லை’ என்று மாஸ்டர் சொன்னால் மறுக்க வழியில்லை. சொல்லப்படாமலே பழி ஏற்ற மாஸ்டர்களும் உண்டு என்பதை நாங்கள் மறைக்கவில்லை.

இப்போது காட்சி மாறியிருக்கிறது. பழைய பிளாக்பெர்ரிக் கருவிகளுக்கான சேவை 2022 ஜனவரி 4இல் முடிந்தது. அதற்கு வெகுமுன்பே திருப்பூர் வாட்ஸப்புக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ‘ஈமெயில் செத்துவிட்டது, எல்லாம் வாட்ஸப்தான்’ என்று தொழில்முனைவோர் கூட்டங்களில் பெருமையாகச் சொல்லப்படுவதைக் கேட்கிறோம். அதன் நன்மையை ஒப்புக்கொள்கிறோம்: குரல்பதிவு வந்தபின் கட்டிங் மாஸ்டருக்குச் சொன்னது முதன்முறையாகத் தமிழிலேயே, சில நேரம் இந்தியிலும் ஒடியாவிலும், பதிவாகி நிற்கிறது. எந்த மின்னஞ்சல் தளமும் செய்யாத காரியம் இது. தையல் தளத்துக்குள் அது இருக்கட்டும்.

பையரோடு பேசுவதற்கு அதை வைத்துக்கொள்வதைத்தான் மடமை என்கிறோம். மெர்ச்சன்டைசரின் சொந்த எண்ணில், சொந்தச் செல்பேசியில் ஆர்டரின் அத்தனை மாற்றமும் கிடக்கிறது. அவர் வேலையை விட்டால் கம்பெனியின் நினைவும் அவரோடு பேருந்து ஏறிவிடும். ‘எல்லோருக்கும் அழி’ என்ற வசதி 2017இல் வந்தது. அனுப்பியவர் தாம் அனுப்பியதைக் குறிப்பிட்ட காலத்துக்குள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், நம் திரையில் அழிக்கப்பட்டது என்ற குறிப்பு மட்டும் மிஞ்சும். மின்னஞ்சல் அப்படியன்று, நம் பெட்டிக்குள் விழுந்தபின் அனுப்பியவரால் அதைக் கிள்ளியெடுக்க முடியாது. 2021 அக்டோபர் 4 இரவு வாட்ஸப் ஆறு மணி நேரம் உலகெங்கும் நின்றது. பத்தாண்டு முன்பு ஒரு நிறுவனத்தின் மையத்தில் தொங்கிய நாம், இப்போது இன்னொரு நிறுவனத்தின் மையத்தில் தொங்குகிறோம். மின்னஞ்சலின் பெருமையே அது எவருக்கும் சொந்தமில்லை என்பது. கம்பெனியின் பெயரில் முகவரி வைத்திருந்தால், சேவை தருபவர் சரியில்லை என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போகலாம், முகவரி மாறாது. வாட்ஸப்பைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

இதெல்லாம் எழுத்தர் வேலையின் நுணுக்கம், தொழிலின் பெரிய பிரச்சினை அல்ல என்று தோன்றலாம். 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களை நினைத்துப் பாருங்கள். தொற்றைக் காரணம் காட்டி மேலைநாட்டுப் பையர்கள் ஆர்டர்களை ரத்து செய்தார்கள், தைத்து முடித்த சரக்குக்கும் தள்ளுபடி கேட்டார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது விதித்த வரி 50 சதவீதத்தைத் தொட்டபோது மறுபடியும் ‘நிறுத்தி வையுங்கள்’ என்ற சொல் இந்த ஊரை உலுக்கியது. அந்தச் சொல் வந்தபோது நூல் வாங்கியாயிற்றா, துணி சாயமேறியாயிற்றா, வெட்டியாயிற்றா என்பதுதான் நட்டம் யார் தலையில் என்பதைத் தீர்மானிக்கும் கேள்வி. தேதியும் மணியும் போட்ட எழுத்து கையில் இருப்பவர்தான் அந்த மேசையில் பேரம் பேச முடியும். அழிக்கப்பட்ட செய்தியின் குறிப்பை வைத்துக்கொண்டு என்ன பேசுவது?

ஆகவே எங்கள் ஒப்பீடு இது. எந்தக் கருவி, எந்தச் செயலி என்பதில் இன்று பெரிய வேறுபாடு இல்லை. எல்லாமே வேகமாகத்தான் கொண்டுவந்து போடுகின்றன. பையருக்கு எழுதுவதும் அவரிடமிருந்து பெறுவதும் கம்பெனியின் சொந்த முகவரியில் மட்டும் இருக்கட்டும். அந்த முகவரியை ஒரு ஆளின் பெயரில் வைக்காமல் ஆர்டரின் பெயரிலோ பிரிவின் பெயரிலோ வைத்தால், ஒருவருக்குக் காய்ச்சல் வந்த இரவில் இன்னொருவர் பார்க்கலாம். இரவு ஒன்பதுக்கு மேல் செல்பேசிக்குக் கடிதம் போவதைச் சர்வரிலேயே நிறுத்துங்கள். உண்மையிலேயே அவசரம் என்றால் பையர் தொலைபேசியில் அழைக்கட்டும். அழைக்கும் சிரமம் இருந்தால் எது அவசரம் என்பது தானே தெரிந்துவிடும். ஆர்டர் ஒப்புதலில் ஒரு வரி சேருங்கள்: மாற்றங்கள் இந்த முகவரிக்கு, இந்திய நேரம் காலை 8.30இலிருந்து இரவு 8.30க்குள் வந்தால் அன்றைய தேதியில் பெற்றதாகக் கொள்வோம்; பிந்தி வருபவை மறுநாள் கணக்கு.

இதை எங்கள் நண்பர் தம் இப்போதைய முதலாளியிடம் சொல்லிப் பார்த்தார். ‘பையர் கோவிச்சுக்குவாரு, கண்ணு’ என்றாராம் அவர். நண்பர் தம் அஞ்சல் பெட்டியைத் திறந்து, முந்தைய ஆகஸ்டில் அதே பையரின் அலுவலகத்திலிருந்து வந்த தானியங்கிப் பதிலைக் காட்டியிருக்கிறார். மூன்று வாரம் விடுமுறையில் இருக்கிறேன், இடையில் கடிதங்களைப் பார்க்க மாட்டேன், திரும்பி வந்தபின் பதில் எழுதுவேன். முதலாளி அதை இரண்டு முறை படித்தாராம்.